27-ஆம் இருக்கையின் வலது ஓரம்

நாற்பதாயிரத்து ஐந்நூறு கொரிய வோன். 27-ஆம் இருக்கையின் பேரில் நின்ற பாக்கி அது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கல்லா மேசைத் திரையில் சிவப்பு எழுத்தில் நின்றுகொண்டே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் பாக்கி என்று கேட்டதற்கு முதலாளி தாக், அதைத் தொடாதீங்க என்று மட்டும் சொன்னார்.

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குக் கதை கட்டத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவன் நான். நடந்தது நள்ளிரவிலும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்குச் சில நிமிஷம் முன்னால்.

என் வலது முழங்கால் போனபிறகு எந்த மேஸ்திரியும் என்னைக் கூப்பிடவில்லை. புப்யோங் ஸ்டேஷனுக்கு எதிரே மூன்றாவது மாடியில் இருந்த தாக்கின் பிசி பாங்கில்தான் வேலை கிடைத்தது. மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விடும் கடை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை என் முறை. தரை துடைக்க வேண்டும், திரை துடைக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு ராம்யோன் நூடுல்ஸ் வேகவைத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த வயசில், அந்தக் காலோடு, அதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைக்காது. அதுவும் போனால் அறை வாடகைக்கு வழியில்லை. அறை போனால் தெருதான்.

ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே வந்துவிட்டால் பகல், இரவு தெரியாது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கடையில் ஆளே இருக்காது. விசிறிகளின் சத்தம் மட்டும் இருக்கும்.

பின்சுவரை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் சோஃபா இருக்கைகள் ஒரு வரிசை. அதில் கடைசி, 27.

முதல் வாரத்திலேயே அங்கே ஒன்று கண்ணில் பட்டது. திரையின் அடியில் ஒரு பட்டை இருக்குமே, மணியும் திறந்து வைத்த விளையாட்டுகளின் படமும் தெரியும் டாஸ்க்பார்... மற்ற எல்லாத் திரையிலும் அது கீழே இருந்தது. 27-இல் மட்டும் வலது ஓரத்தில் நெட்டுக்குத்தாக நின்றது. எவனோ விளையாட்டுக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

இரவு முறை பார்க்கும் மிரானிடம் சொன்னேன். முப்பது வயசுப் பெண், வாய் கொஞ்சம் நீளம்.

"அணைச்சுப் போடுங்கண்ணே. இங்க யாரு எதை மாத்தினாலும், திரும்பப் போட்டா முதலாளி வெச்ச மாதிரியே வந்து நிக்கும். கடை மெஷின் எல்லாமே அப்படித்தான். மனுஷனுக்கும் அப்படி ஒரு பொத்தான் இருந்தா உங்க முட்டியையும் சரி பண்ணிரலாம்."

அணைத்துப் போட்டேன்.

பட்டை வலது பக்கமே வந்தது.

மிரான் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பட்டை நகராமல் போட்டிருந்த பூட்டைத் திறந்து, அதை மவுஸ் எலியால் பிடித்து, கீழே இழுத்துவிடும் வித்தையைக் கற்றுக்கொடுத்தாள். செய்தேன். கீழே போய் உட்கார்ந்தது. தரை துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வலது பக்கம்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் என் முதல் வேலை அதுதான் ஆனது. ஆறு மணிக்கு இழுப்பேன். ஏழு மணிக்கு மறுபடி இழுப்பேன். ஆள் இருந்தால் பட்டை கீழேயே கிடக்கும். அந்த வரிசை காலியானால்தான் நகரும். ஆனால் அது நகர்வதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்வரை கீழே. முதுகைத் திருப்பினால் வலது.

இன்னொன்று. யாரும் தொடாத திரை பத்து நிமிஷத்தில் கறுத்துப்போகும். 27 மட்டும் கறுக்காது. யாரோ எலியைப் பிடித்துக்கொண்டே இருப்பதுபோல...

ஒருநாள் ஒரு ஜோடி வந்து 27-இல் உட்கார்ந்த சூட்டோடு எழுந்து போய்விட்டது. கணினி கோணலாக இருக்கிறது, சோஃபா சில்லென்று இருக்கிறது என்று முதலாளியிடம் புகார். அவர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். பேச்சில் மரியாதை குறையாது. மரியாதையாகவே குத்துவார்.

"அண்ணே, சாரம் கட்டின கை சும்மா இருக்காதுன்னு தெரியும். ஆனா அந்த மெஷினை வெச்சு விளையாடாதீங்க."

நான் விளையாடவில்லை என்றேன்.

"இன்னொரு தடவை அந்தப் பட்டை அங்க நிக்கறதை நான் பார்த்தேன்னா, நீங்க மறுநாள் வர வேணாம்."

சொல்லும்போது அவர் 27 இருந்த பக்கம் திரும்பவே இல்லை. யோசித்துப் பார்த்தேன். அந்தப் பின்வரிசைக்கு அவர் போய் நான் பார்த்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தூறல். பத்து மணிக்குக் கடைசி ஆளும் போய்விட்டான். பதினொன்றுக்கு முதலாளி வருவார், கல்லா எண்ண. பத்து நாற்பதுக்கு 27-க்குப் போனேன். பட்டை வலது ஓரம். கீழே இழுத்தேன். இந்தத் தடவை போகக்கூடாது என்று அங்கேயே நின்றேன்.

முட்டி பிடித்துக்கொண்டது.

தூறல் நாளில் அப்படித்தான் பிடிக்கும். எலும்புக்குள் ஆணி இறங்குவதுபோல. நிற்க முடியவில்லை. சோஃபாவில் உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை. காலை நீட்டினால்தான் விடும். இடது கைப்பிடியில் தலையை வைத்து, காலை வலது பக்கம் நீட்டி, திரையைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தேன். வலி மெல்லக் கழன்றது. கண்ணை மூடினேன். ஒரு நிமிஷம்தான்.

திறந்தபோது பட்டை கீழே இருந்தது.

அப்பாடா என்று இருந்தது. வேலை தப்பித்தது. முதலாளி இனி எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

மணி பார்த்தேன். ஐம்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான், கூட்டித்தான் வாசிப்பேன். கா... லை... பத்து ஐம்பத்திரண்டு. தெளிவாக இருந்தது. அதன் பக்கத்தில் தேதி. அதையும் வாசித்தேன்.

வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

நான் படுத்திருக்கிறேன்.

என் தலை இடது பக்கம். கால் வலது பக்கம். எனக்குக் கீழே தெரிவது என்றால்... அது திரையின் வலது ஓரம்.

பட்டை நகர்ந்துவிட்டது. அது படுத்திருக்கிறவனுக்கான இடம்.

சரி. பட்டை போகட்டும். எழுத்து?

படுத்துக்கொண்டு பார்த்தால் எழுத்து சாய்ந்துதானே தெரிய வேண்டும்? நிமிர்ந்த எழுத்தையே தட்டுத் தடுமாறி வாசிப்பவன், சாய்ந்த எழுத்தை எப்படி வாசித்தேன்?

எழுத்து நிமிர்ந்து நின்றது.

எனக்கு நேராக.

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. இது முட்டி இல்லை. உடம்பே...

விசிறிச் சத்தம் நின்றிருந்தது.

திரையின் கறுப்புப் பின்னணியில் என் முகம் தெரிந்தது. படுத்த முகம். இரண்டு கண்ணும் திறந்து.

நான் ஒரு கண்ணை மூடினேன்.

அது மூடவில்லை.

பின்னாலிருந்து ஒரு சத்தம். சர்ர்... துணி உரசும் சத்தம்.

காலில் தொடங்கியது. முட்டி. இடுப்பு. தோள்.

போர்வை.

யாரோ எனக்குப் போர்வை போர்த்தினார்கள். மெதுவாக. தூக்கம் கலைந்துவிடக்கூடாது என்பதுபோல. கழுத்தடியில் மடித்துச் செருகினார்கள்.

விரல்கள் பட்டன.

சில்லென்று...

கதவு மணி அடித்தது.

தரையில் விழுந்து கிடந்தேன். விசிறிகள் ஓடின. என் மேல் ஒரு சாம்பல் நிறப் போர்வை. கடைப் போர்வைதான். கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பது. நான் எடுத்து வரவில்லை.

முதலாளி கல்லாப் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் 27-இன் திரையில், அவர் கண்முன்னே, பட்டை வலது ஓரம் நின்றது. என் வேலை அங்கேயே போயிருக்க வேண்டும். அவரோ குடையை மடிக்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முதலாளி, அங்க யாரு படுத்திருந்தாங்க?"

குடையை மடித்து மேசையோரம் வைத்தார். பிறகு பேசினார்.

குக் என்று ஒருவர். பார்சல் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். வேலை முடிந்து இரவு எட்டுக்கு வருவார். வந்ததும் பட்டையைப் பிடித்து வலது ஓரம் இழுத்துவிடுவார். சோஃபாவில் படுத்துக்கொண்டே படம் பார்ப்பவருக்கு மணி காலடியில் தெரிய வேண்டுமாம். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம், ஒரு முட்டை ராம்யோன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. தூங்குகிற ஆளை யாரும் எழுப்புவதில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் அதுதான் வழக்கம். பாவம் என்று ஒரு பக்கம், எழுப்பினால் மீட்டர் நின்றுவிடும் என்று ஒரு பக்கம். மூன்று முறை ஆட்கள் மாறினார்கள். மறுநாள் இரவு எட்டுக்குக் காசு கேட்கப் போய்த்தான் முதலாளி போர்வையை விலக்கினாராம். கண் திறந்தே இருந்ததாம். திரையைப் பார்த்தபடி.

உயிர் போனது முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

குக்கின் அக்கா வந்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணி வரைக்குமான காசை எண்ணி வைத்தாராம். முழுசாக வையுங்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாராம் முதலாளி. அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அந்த இடத்தில் கணினிப் பெட்டியை மாற்றினார்கள், திரையை மாற்றினார்கள். பட்டை மட்டும் திரும்பத் திரும்ப வலது பக்கம் வந்து நின்றது.

"நாளைக்கு வருவீங்கல்ல அண்ணே?" என்றார் முதலாளி. "எனக்கு வேற யாரும் கிடைக்க மாட்டாங்க."

பணப்பையை எடுத்தேன். எட்டிலிருந்து இரண்டு வரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்பதாயிரம். ராம்யோன் நாலாயிரத்து ஐந்நூறு. எண்ணி மேசைமேல் வைத்தேன்.

"கணக்கு முடிக்காம யாரும் இந்த வாசலைத் தாண்ட முடியாது, முதலாளி. அதான் அவரும் போகல. இதை எடுத்துக்கிட்டு மீதியை அழிச்சிருங்க."

"இருபத்தேழாயிரம்."

"அது அவரு இருந்த நேரம் இல்ல."

முதலாளியின் விரல் பாக்கியை அழிக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"நான் காசுக்காகப் பிடிச்சு வெச்சிருக்கேன்னு நினைக்கிறீங்க. அவங்க அக்காவும் அப்படித்தான் நினைச்சாங்க. இல்லண்ணே. மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு 27-லேர்ந்து இந்தக் கல்லாத் திரைக்கு ஒரு செய்தி வந்துச்சு. ஒரு போர்வை வேணும்னு. நான்தான் கொண்டுபோய்ப் போர்த்தினேன். கழுத்துல செருகிவிட்டேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு மணிக்குச் செத்தவரு ஒன்பது பத்துக்குப் போர்வை கேப்பாரா? நீங்களே சொல்லுங்க. அவரு இருந்தாரா, இல்லையா? எதைன்னு நான் அழிக்கறது?"

பின்வரிசையிலிருந்து எலி ஒருமுறை சொடுக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் திரும்பவில்லை.

முதலாளி பொத்தானை அழுத்தினார். சிவப்பு எழுத்து போய்விட்டது. 27-க்கு நேரே பாக்கி ஒன்றும் இல்லை.