மேளம் நின்ற தெரு

பாஷை தெரியாத ஊருக்கு வேலைக்கு வந்து பதினெட்டு நாளாகியும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொந்த ஊரில் பத்தொன்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த கை. இங்கோ, உரிமை அட்டை வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று கம்பெனி மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்தவர் பின்னால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. அதுவும் நாற்பத்து நாலு வயதில்!

அன்று அந்த ஊர்த் திருவிழா, விடுமுறை. தெரு அடைத்துக் கூட்டம், காதைக் கிழிக்கும் மேளம். மூன்றாம் மாடி அறையில் அவர் ஜன்னலுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார். கட்டிலில் படுத்திருந்தவர் அவர் மனைவியின் அண்ணன். அதே கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவர். இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான்.

"மாப்ள, ஒண்ணு உக்காருங்க, இல்ல கீழ போய் வேடிக்கை பாருங்க. எனக்குத் தலை சுத்துது."

"ஒரு முகம் தெரியாது, ஒரு வார்த்தை புரியாது. போய் என்னத்தப் பாக்கறது மச்சான்?"

திடீரென்று மேளம் நின்றது. காலையிலிருந்து அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர், அது நின்றதும் ஜன்னலுக்கு ஓடினார். எட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டட வாசலில் பத்துப் பதினைந்து பேர் உள்ளே பார்த்துக் கையைப் பிசைந்தபடி நின்றார்கள்.

"லிஃப்ட் மாட்டிக்கிச்சு."

"அங்கேர்ந்தே தெரியுதாக்கும்!"

"லிஃப்டுக்கு முன்னாடி எந்த ஊர்லயும் இப்படித்தான் நிப்பாங்க, மச்சான்."

அது அவர்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்ட்தான். மச்சான் போன் செய்தார். தெருவெல்லாம் அடைத்திருப்பதால் ஆள் வர இரண்டு மணி நேரமாகும் என்று பதில் வந்தது.

"நீங்க கை வெச்சுடாதீங்க. ரெண்டு பேர் பொழப்பும் போயிடும்."

மெக்கானிக் உட்கார்ந்தார். கால் ஆடிய ஆட்டத்தில் கட்டிலே ஆடியது. "சும்மா பாத்துட்டு வரேன்" என்று எழுந்தவர் அடுத்த நொடி படிக்கட்டில் இருந்தார். மச்சான் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினார்.

எதிர்க் கட்டடத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே யாரோ தேம்பித் தேம்பி அழும் சத்தம். அதைக் கேட்டபிறகு அவருக்கு அட்டையாவது ஒன்றாவது. காவல்காரரிடம் சைகையிலேயே சாவிகளை வாங்கி மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறினார். முதலில் மின்சாரத்தை நிறுத்தினார்.

"மச்சான், இந்த பிரேக் கம்பியைப் பிடிங்க. 'ம்'னா அழுத்துங்க, பிரேக் தளரும். 'போதும்'னா அப்பவே விட்டுடுங்க."

"என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்..."

"ம்!"

பெரிய சக்கரத்தைக் கையாலேயே அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். கயிற்றில் இருந்த ஐந்தாம் மாடிக் குறி நேருக்கு வந்ததும், "போதும்!" இறங்கி வந்து கதவைத் திறந்தார். முதலில் ஒரு பிரம்மாண்டமான மேளம் வெளியே வந்தது, பின்னால் குழல் ஊதுகிறவர்கள் மூன்று பேர்; வாசித்தபடியே மேல்மாடி வீட்டுக்கு லிஃப்டில் ஏறியவர்கள். கடைசியாக முறுக்கு மீசையோடு மேளக்காரர். அழுதது அவர்தான்.

அவர் மெக்கானிக்கின் கிரீஸ் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. மேளத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்கவைத்துத் தெருவுக்கே இழுத்துப் போய்விட்டார். ஊர்வலம் மறுபடி நகர்ந்தது. இரண்டு தெரு நடந்தார்கள். மெக்கானிக்கின் கால் தாளத்துக்கு நடந்தது. கண் மட்டும் கம்பெனி வண்டி வருகிறதா என்று ஒவ்வொரு முனையிலும் தேடியது.

மறுநாள் மேற்பார்வையாளர் கால்மணி நேரம் கத்தினார்.

"என்ன சொல்றார், மச்சான்?"

"அதையெல்லாம் தமிழ்ல சொல்ற மாதிரி இல்ல."

கடைசியில் மேற்பார்வையாளர் கேட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் மச்சான் தமிழில் சொன்னார்: முதலில் எதைத் தொட்டாய்? மெக்கானிக் ஆபீஸ் சுவரிலிருந்த மின்சார சுவிட்சைக் காட்டி, அணைப்பதுபோல் கையை அசைத்தார். மேற்பார்வையாளர் கருவிப் பையைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். வேலை போகவில்லை, அட்டையும் வரவில்லை. மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் கிளம்புவதற்கு முன்பே வாசலில் போய் நின்றார்.