கதவு திறந்திருக்கும் நேரம்

கணினிக்குள் ஓர் ஊரையே ஓட்டிக்கொண்டிருப்பவள் அவள். அதில் சாலைகள் உண்டு, சிக்னல்கள் உண்டு, நகக்கண் அளவில் பேருந்துகளும் உண்டு. நிஜத்தில் அவளுக்கு சைக்கிள்கூட நேராக ஓட்ட வராது. "ஊரு பஸ்ஸையெல்லாம் ஓட்டுறவ, ஸ்கூட்டர் பின்னாடி உக்காரவே பயப்படுவா" என்று அண்ணன் டிப்போவில் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பில் பாதிக்கு மேல் பெருமைதான். அண்ணன் நிஜப் பேருந்து ஓட்டுநர்.

போக்குவரத்து சிமுலேஷனில் எதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது. நிறுத்தத்தில் பேருந்து இருபது வினாடி நிற்கும் என்று எழுதினால், கணினி என்றைக்கும் இருபது வினாடியே நிறுத்தும். எந்த மனுஷன் அப்படி ஏறி இறங்குகிறான்? அதனால் கதவு திறந்திருந்த நேரங்களை அளந்து, எது அடிக்கடி வருகிறது, எது அபூர்வம் என்று வளைகோடாகப் போட வேண்டும். அதுதான் பரவல். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கணினி அதிலிருந்து ஒரு நேரத்தைக் குலுக்கல் சீட்டுபோல எடுத்துக்கொள்ளும்.

அவள் போட்ட கோடு நடுவில் எழும்பி, வலப்பக்கம் மெலிந்த வாலாக நீண்டுகொண்டே போனது. அந்த வாலில் இருந்தவர்கள் யாரென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சக்கர நாற்காலிக்காரர்கள். ஓட்டுநர் இறங்கி, சாய்பலகையை விரித்து, நாற்காலியைத் தள்ளி ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு வர நேரமாகும்தானே.

வாலோடு சிமுலேஷனை ஓட்டியபோது திரையில் பேருந்துகள் தாமதமாயின. மேலாளர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்த ஒண்ணு ரெண்டை வச்சிக்கிட்டு மொத்தத்தையும் கெடுத்துக்கணுமா?" வெட்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பழியில் பாதியை அவர் தலையில் கட்டியிருக்கலாம். அவளே அந்த நீண்ட நேரங்களைக் கணக்கிலிருந்து நீக்கி வாலை வெட்டினாள். கோடு லட்சணமாக இருந்தது, பாராட்டும் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்றைக்கு நன்றாகத் தூக்கமும் வந்தது.

அந்தக் கோட்டை வைத்துப் போட்ட புதிய கால அட்டவணை அண்ணனின் வழித்தடத்துக்கே வந்து சேர்ந்தது. "என் தங்கச்சி போட்டது" என்று டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தான். அப்புறம் தினமும் தாமதம். இப்படியே போனால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவேன் என்றார் டிப்போ அதிகாரி. காதில் விழுந்த உடனே அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணன் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தான். அண்ணி அவனைக் கண்ணால் ஜாடை காட்டிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

"பாப்பா, எனக்குக் கை தளர்ந்துடுச்சு போல. முன்ன மாதிரி ஓட்ட வரல. வண்டிய விட்டுடலாமான்னு பாக்குறேன்."

"அதெல்லாம் இல்லண்ணா. உன் மேல தப்பில்ல."

"வியாழக்கிழமை மட்டும் நேரத்துக்குப் போயிட்டேன், தெரியுமா?" சொன்னவன் முகத்தில் சிரிப்பில்லை. "நூலகத்துல வேலை பாக்குற சக்கர நாற்காலியம்மா, தினமும் நம்ம வண்டிதான். கைய காட்டினாங்க. நான் பாக்காத மாதிரி போயிட்டேன். கண்ணாடியில பாத்தா, கைய இறக்கவே இல்ல. எப்படியும் நிப்பேன்னே நினைச்சிருக்காங்க."

"ஏண்ணா அப்படிப் பண்ணின?"

"உன் கணக்கு தப்புன்னு டிப்போல பேச ஆரம்பிச்சிட்டானுங்க. என் தங்கச்சிய எவனும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுல்ல?"

அவளுக்கு அண்ணனை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"அவங்கள மொதல்ல விட்டுட்டுப் போனது நான்தாண்ணா" என்று ஆரம்பித்து, வாலை வெட்டியதிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்ததுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தன் கைகளை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"நாளைக்கே ஆபீஸ்ல சொல்லி மாத்திடுறேண்ணா."

"மாத்து. அதுக்கு முன்னாடி காலைல என் வண்டில வா. பலகைய நான் விரிக்கிறேன். மன்னிப்பும் நான் கேட்டுக்குறேன். ஏன் நிக்காம போனோம்னு மட்டும் அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."