அண்ணன் முகம் தெரிந்த ஞாயிறு

ஊரில் பாதி வீட்டுக்கு வைஃபை மாட்டிக் கொடுத்தவன் அவன். அவன் வீட்டு வைஃபை மட்டும் படு மோசம். கேட்டால் சிரிப்பான். என்ன சிரிப்போ போங்கள்! ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவன், பரண்மேல் ஓடும் ஒயரை ஸ்டூல் போடாமலே பிடித்து இழுத்துவிடுவான். அதனால் அவனுக்கு 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர். வைத்தது அவனுடைய அண்ணன். யாராவது ரவுட்டரைக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குள் வைத்திருந்தால் போதும், ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பான். அவன் வீட்டுப் பெட்டியோ ஃபிரிட்ஜ் மேலே பழைய துணிப்பைகளுக்கு அடியில் கிடந்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் சின்னப் பையன். அண்ணன் படிப்பை மூட்டை கட்டிவிட்டு லேத் பட்டறைக்குப் போனார். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் கண் கொட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தனக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். அப்படியொரு அழுத்தக்காரர். இப்போது அவரும் அண்ணியும் தொலைவில் வேறு ஊரில் இருந்தார்கள். ஞாயிறு தோறும் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி.

சில மாதங்களாகவே அண்ணனின் குரல் கம்மிப்போயிருந்தது. முகத்தைப் பார்க்கலாமென்றால் திரையில் கட்டம் கட்டமாகச் சிதறியது. தம்பியுடையது தரைத்தளத்து வீடு, போனில் சிக்னலும் ஒழுங்காக வராது.

"குரல் ஏண்ணே இப்படி இருக்கு?"

"பட்டறைத் தூசிடா. அதை விடு. ஊருக்கெல்லாம் நெட்டு குடுக்கறே, உன் வீட்டுல என் மூஞ்சி மட்டும் உடைஞ்சு உடைஞ்சு தெரியுதாக்கும்?"

"புதுப் பெட்டி ஒண்ணு மாட்டிடறேன்."

"சே, வேண்டாம்டா. பேசறது கேக்குதில்ல, போதும்."

நேரில் வருகிறேன் என்றாலும், "எதுக்கு அலையறே, நானே வர்றேன்" என்று வெட்டிவிடுவார்.

"அண்ணன் எதையோ மறைக்கிறாரு," என்று ஒட்டடைக்குச்சி மனைவியிடம் புலம்பினான். "எனக்கு மனசே சரியில்ல. அந்த முகத்தை ஒரே ஒரு தடவை ஒழுங்காப் பாத்துட்டேன்னா போதும்."

அடுத்த ஞாயிறு காலையில் இரட்டை பேண்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். கூடத்தில், லேப்டாப் மேசைக்கு நேர் எதிரே, உயரமாக ஆணியடித்து மாட்டினான். அதில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அடுக்குமாடியில் அத்தனை பேர் வீட்டுப் பெட்டியும் அதில்தான் முட்டி மோதும். இன்னொன்று சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், ஆனால் ஒரே அறைக்குள் காற்றாய்ப் பறக்கும். எல்லாம் மாட்டி முடித்தும் லேப்டாப் பழையபடி ஊர்ந்தது. பார்த்தால், இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துத் தொலைத்திருக்கிறான்! லேப்டாப் நெரிசல் பாதையிலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊருக்கு உபதேசம் பண்ற ஆளு!" என்று மனைவி சிரித்தாள். "மெதுவாப் போறதுக்கு ஆமைன்னு வைங்க, உங்க ஞாபகமா இருக்கும்."

அப்படியே வைத்தான். லேப்டாப்பில் ஆமையை மறக்கச் சொல்லிவிட்டு, வேகமானதில் இணைத்தான். பிறகு அண்ணனை அழைத்தான்.

படம் பளிச்சென்று வந்தது. ஐயோ, அது அண்ணனா? கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், கழுத்தில் சுற்றியிருந்த துண்டுக்கு மேல் கட்டுத்துணியின் விளிம்பு தெரிந்தது. சட்டை யாருடையதோ போலத் தொங்கியது. தலையில் முடியே இல்லை. முதுகை விறைப்பாக நிமிர்த்தி, பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்து நின்ற மனைவி, "மாமா..." என்று தொடங்கியதும் ஒட்டடைக்குச்சி அவள் கையைத் திரையில் தெரியாதபடி இறுக்கிப் பிடித்தான்.

"என்னடா, இன்னிக்குத் தெரியுதா?" என்றார் அண்ணன். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. அண்ணன் பயந்து அவன் பார்த்ததே இல்லை.

"எங்க தெரியுதுண்ணே! அதே கட்டம்தான். நீயா அண்ணியான்னே தெரியல."

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே முதுகைத் தளர்த்தித் தலையணையில் சரிந்தார். வலியில் முகம் கோணியது. குரலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, பட்டறையில் எவனோ பூட்டிலேயே சாவியை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடிய கதையைச் சொன்னார். நடுவில் அண்ணி அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். ஒட்டடைக்குச்சி சிரிக்க வேண்டிய இடங்களில் சத்தமாகச் சிரித்தான். அன்றைக்கே வண்டி ஏறிவிடுவது என்று உள்ளுக்குள் முடிவு செய்திருந்தான். சொன்னால் தடுப்பார் என்று சொல்லவில்லை.

கதை முடிந்தது. அண்ணன் திரைக்கு நெருங்கி வந்து, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகம் தம்பிக்குத் தெரியவில்லை என்ற தைரியத்தில் கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"எனக்கு நீ நல்லாத் தெரியறேடா," என்றார். "சரி, வச்சிடவா?"

"வைக்காதண்ணே. பேசாட்டியும் பரவால்ல, சும்மா அப்படியே இரு."