பத்து நிமிடம் வாயை மூடியவள்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மைக்குக் கண் எழுத அம்புஜவல்லியை மிஞ்ச ஆள் கிடையாது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே எழுதுவாள். பேச்சு வேப்பூர் வரை போய்த் திரும்பினாலும் தூரிகை ஒரு மயிரிழை விலகாது.

நான்கு வருடத்துக்கு முன் பொம்மைப் பலகையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கு வந்த வலி மாத்திரை, வலி போன பிறகும் போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறானது. ஒரு வேளை தவறினால் மூக்கு ஒழுகியது, எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் புருஷனை இழுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

மனநல மருத்துவர் மதிவதனி சுற்றி வளைக்கவில்லை. "இது நோய்ம்மா. மருந்து இருக்குது, மூணு வகை. மெதடோன் சிரப்பு நல்லா கேக்கும். ஆனா தெனமும் சென்டருக்குப் போயி அவங்க எதிர்லயே குடிக்கணும். பக்கத்துல சென்டர் இல்ல."

"அப்ப பஸ்ஸுலயே குடித்தனம் பண்ணணும்."

"நால்ட்ரெக்ஸோன், பழைய மாத்திரையை வேலை செய்யவே விடாது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாள் எதுவும் போடாம இருக்கணும்."

"இருக்க முடிஞ்சா நான் ஏன் டாக்டர் இங்க வரேன்?"

"அப்ப புப்ரெனார்ஃபின். நாக்குக்கு அடியில வைக்கிறது. நடுக்கம் நிக்கும், வேலைக்குப் போலாம். பழசை நிறுத்தி, உடம்பு படுத்த ஆரம்பிச்சப்புறம்தான் மொத டோஸ். அவசரப்பட்டா இன்னும் படுத்தும். அதனால இங்கேயே வச்சுப் பாத்துட்டு வூட்டுக்குத் தரேன். ஆனா கரையிற வரைக்கும், பத்து நிமிஷம், பேசக் கூடாது. முழுங்குனா வீண்."

மினி பஸ் ஓட்டும் அவள் புருஷன் கொளஞ்சிநாதன் பதறிப்போனான். "டாக்டரம்மா, மத்த ரெண்டுல ஒண்ணு பாத்துக் குடுங்களேன்!"

அவன் பயம் பொய்யாகவில்லை. மருத்துவமனையில் ஒழுங்காக இருந்தவள், வீட்டில் முதல் நாளே பால்காரரிடம் தண்ணீர்ப்பால் விவகாரம் பேசப்போய் மாத்திரையை விழுங்கிவிட்டாள். மதியத்துக்குள் கை ஆடியது. அன்று எழுதிய கிருஷ்ணனின் ஒரு கண் ராதையைப் பார்த்தது, மறு கண் சேலம் ரோட்டைப் பார்த்தது. பட்டறையில் பக்கத்தில் வேலை செய்த துர்கா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்தாள். மேஸ்திரி ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் பாப்பேன். கண்ணு நேரா வரலன்னா நீ பேக்கிங்குக்குப் போயிடு."

வைக்கோலில் பொம்மை சுற்றுவதா? மறுநாள் காலை மாத்திரையை வைத்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். எதிரே கொளஞ்சிநாதன் கடிகாரத்தோடு உட்கார்ந்தான். வீட்டில் சத்தமே இல்லை. இருபது வருடத்தில் அப்படி ஓர் அமைதியை அவன் கண்டதில்லை. மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

"அம்பு, மிக்சி ஜாரை ஒடச்சது பூனை இல்ல. நான்தான்."

அவள் கண்கள் விரிந்தன. வாய் திறக்கவில்லை. அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்த நாள், உன் தம்பி கல்யாணத்தன்னிக்கு பஸ்ஸு பிரேக்டவுன் ஆகல, தூங்கிட்டேன் என்றான். அதற்கடுத்த நாள், உன் மீன் குழம்புல வருஷக்கணக்கா உப்பு ஜாஸ்தி என்றான். அவள் கரண்டியை ஓங்கினாள், ஆள்காட்டி விரலை ஆட்டினாள், தரையில் காலை உதைத்தாள். மாத்திரை மட்டும் நிம்மதியாகக் கரைந்தது. கடைசி நிமிடத்தில் அவன் பஸ் சாவியோடு ஓடியே போய்விடுவான்.

ஏழாம் நாள் அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"மொத மருந்துச் சீட்டு முடிஞ்சப்புறம், டாக்டரு வேணாம்னு சொன்னதையும் மீறி, கடையில சொல்லி அந்த மாத்திரையை வாங்கியாந்தது நான். நீ வலியில கத்துனது தாங்கல அம்பு. அன்னிக்கு வாங்காம இருந்திருந்தா..."

அம்புஜவல்லிக்குத் தொண்டை வரை வார்த்தை வந்துவிட்டது. இன்னும் நான்கு நிமிடம் பாக்கி. திறந்தால் மாத்திரை போகும், மாத்திரை போனால் கை போகும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவன் ஓடாமல் அங்கேயே இருந்தான். கரைந்து முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டறைக்கு நடந்தாள்.

அன்று பதினெட்டு கிருஷ்ணர்கள். முப்பத்தாறு கண்ணும் நேரே பார்த்தன. ராஜமாணிக்கம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தூரிகை டப்பாவை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

சாயங்காலம் மாறுகண் கிருஷ்ணனை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். கொளஞ்சிநாதன் அன்று கடைசி டிரிப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றிருந்தான்.

"வாங்கியாந்தது நீங்க. ஒண்ணை ஆறா ஆக்குனது நான். அந்தக் கணக்கு முடிஞ்சுது, அத வுடுங்க," என்றாள். பொம்மையை அவன் கையில் திணித்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இப்ப உக்காருங்க. என் மீன் கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு எந்த வாயி சொன்னுச்சு?"