முதல் குடத்துக்காரி

காளியாத்தாள் பைத்தியம் அல்ல. முதலில் இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கடைசிக் காலத்தில் ஊரார் அவளை அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு முன்னால் அவளைச் சாமி என்றார்கள். அவள் இரண்டும் இல்லை. என் கொழுந்தன் ராசப்பனின் பெண்டாட்டி, கந்தம்மாளைப் பெற்றவள், அவ்வளவுதான். வாழ்க்கைப்பட்டு மோகனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்த புதிதில், ஒரு முழுக் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்றுவிட்டுச் சக்கையை என் மேல் எறிந்து சிரித்தவள்.

கந்தம்மாள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டது. மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டிருந்த சமயம் அது. மூன்று கிளை விரிந்த மரத்தை வெட்டி வந்து அம்மன் முன்னால் நட்டுவிட்டால், நோன்பு முடிந்து அதைப் பிடுங்கி ஆற்றில் விடும் வரைக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் குளித்து, ஈரச் சேலையோடு போய், மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். ஊர் குளிரும், அம்மை இறங்கும். காளியாத்தாளும் ஊற்றினாள். குழந்தைக்கு இறங்கிவிட்டது. கம்பத்தையும் பிடுங்கினார்கள். எல்லாப் பெண்களும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அவள் மட்டும் கம்பம் இருந்த குழியில் போய் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஏதாச்சும் நேந்துக்கிட்டயா அம்மிணி?" என்று கேட்டார் மாமியார் ஆத்தாயி.

"இல்லீங்கத்தே. ஊத்தாம வந்தா நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி பண்ணுது."

அதில் மாமியாருக்குப் பெருமைதான். ஊரிலும் அவளைக் கண்டால் செருப்பைக் கழற்றினார்கள். எங்கெங்கிருந்தோ பிள்ளை இல்லாதவர்கள் வந்து அவள் காலடியில் சூடம் கொளுத்திவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் கம்பம் நட்டபோது, முதல் குடம் காளியாத்தாளுடையதுதான் என்று ஊரே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் வந்ததில்லை.

வீட்டுக்குள்ளே நடந்தது வேறு. பாத்திரத்தைக் கழுவிவிட்டுக் கையைக் கழுவுவாள், கையைக் கழுவிவிட்டுக் கழுவின சொம்பைக் கழுவுவாள், சொம்பைத் தொட்டதற்காக மறுபடியும் கை. விரலெல்லாம் சேற்றுப்புண் வந்து வெடித்துப் போயிற்று. அந்தக் கையால் பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்றாள். பால் கட்டி ரவிக்கை நனைந்துகொண்டிருக்கும், பிள்ளை தொட்டிலில் கத்தும், இவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுவாள். எனக்கும் அப்போது பால்குடிப் பிள்ளை இருந்ததால் இரண்டையும் நானே மடியில் போட்டுப் பால் கொடுத்தேன்.

"வந்து எடுடி, பெத்தவ தானே?" என்பேன்.

"என்ற கையில அம்மை இருக்குதுக்கா. தொட்டா புள்ளைக்கு வந்துரும்."

"அதான் கழுவிட்டே கெடக்கறயே?"

"போக மாட்டீங்குதுக்கா."

கைக்குக் களிம்பு வாங்க ராசப்பன் அவளை மோகனூரில் ஒரு கம்பவுண்டரிடம் கூட்டிப்போனான். அந்த மனுஷன் கையைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். "களிம்புல தீராதுங்க, சேலத்துக்குக் கூட்டிப் போங்க" என்று அஸ்தம்பட்டியில் ஒரு மனநோய் டாக்டரின் பேரைச் சொல்லி அனுப்பினார். மாமியார், ராசப்பன், நான் மூன்று பேரும் அவளோடு போனோம். அங்கே போய் உட்கார்ந்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, எங்க ஊட்டுப் புள்ளைக்குப் பைத்தியமெல்லாம் இல்லீங்க. பைத்தியம்னா எங்க ஊர்ல ஆண்டின்னு ஒருத்தன் இருக்கறானுங்க. ரோட்டுல தனியாப் பேசிட்டே போவான். எருமைகிட்ட நாயம் கேப்பான். வேணும்னா அவனக் கூட்டியாறோம், அவனுக்குக் குடுங்க உங்க மாத்திரைய."

டாக்டர் சிரிக்காமல் கேட்டார். "அந்த ஆண்டி வேலைக்குப் போறாருங்களா?"

"எருமை மேய்க்கறான்."

"சாப்பாடு, தூக்கம்?"

"ரெண்டாள் சோறு திம்பானுங்க. படுத்தா எடுத்துப் போட்டாலும் தெரியாது."

"யாரையாச்சும் அடிக்கறாரா? தனியாப் பேசறதுல அவருக்கு ஏதும் வருத்தம் உண்டா?"

"அவனுக்கென்னங்க வருத்தம்! ஊரு சிரிக்குது, அவனும் சேந்து சிரிக்கறான்."

"அப்ப அவருக்கு மாத்திரை வேண்டாங்கம்மா. ஊர்ல நாலு பேரு மாதிரி இல்லீங்கறதுக்காக யாரையும் நோயாளின்னு சொல்லிர முடியாது" என்றவர் காளியாத்தாள் பக்கம் திரும்பினார். "நிறுத்தோணும்னு நீங்க நினைச்சா நிறுத்த முடியுதாம்மா?"

அவ்வளவு நாளில் எங்களில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. கேட்டதும் அவள் முகம் கோணியது. "முடியலீங்க. கை எரியுதுங்க. தப்புன்னும் தெரியுதுங்க. புள்ளைய ஒருக்கா மடியில போட்டுக்கோணும்ங்க."

"ஊரு கும்புடறதுனால இது நோய் இல்லைன்னு ஆயிராது" என்றார் டாக்டர் எங்களைப் பார்த்து. "இவங்க கஷ்டப்படறாங்க, இவங்களால குடும்பம் பண்ண முடியல. நான் பாக்கறது அதைத்தான். மாத்திரை தாரேன். நடுவுல மட்டும் நிறுத்திராதீங்க."

படிக்காத எனக்கு அவர் சொன்னது பளிச்சென்று புரிந்தது. எவளாவது நம்மைப் போல் இல்லையென்றால் அது நோய் அல்ல. நமக்குப் பிடித்தமாக இருக்கிறாள் என்பதற்காக அவள் நன்றாக இருக்கிறாள் என்றும் இல்லை. யார் என்ன சொன்னாலும் இதில் நான் மாறமாட்டேன்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. வாய் உலர்ந்தது, பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். பிறகு மெல்ல மெல்லச் சொம்பைக் கீழே வைத்தாள். கை ஆறிவந்தது. ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் இருக்கும்போது, "அக்கா, வந்து பாரு" என்று கூப்பிட்டாள். போனேன். வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கந்தம்மாள் அவள் மடியில் இருந்தது. அதற்குள் நடக்கிற வயசு வந்துவிட்டதால், யாரோ அத்தைக்காரியைப் பார்ப்பதுபோல் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. காளியாத்தாள் இரண்டு கையையும் தூக்கியே வைத்திருந்தாள். பிறகு ஒரு விரலை மட்டும் இறக்கிப் பிள்ளையின் காதைத் தொட்டாள்.

மாசி மாசம் மறுபடியும் கம்பம் நட நாள் பார்த்தார்கள். கோயில் காரியம் பார்க்கிற குமாரசாமி வீட்டுக்கு வந்தார்.

"ஆத்தாயி, உன்ற மருமக ஏதோ மாத்திரை திங்குதாமா? சேலத்துப் பைத்தியக்கார டாக்டரு மாத்திரைன்னு பேச்சு அடிபடுது. அப்படியிருந்தா முதல் குடம் எடுக்கக் கூடாது பாரு."

"அதெல்லாம் கைப்புண்ணுக்குங்க" என்று மாமியார் சொல்லிவிட்டார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. பைத்தியக்காரி பெற்ற பெண் என்று பேராகிவிட்டால் நாளைக்குக் கந்தம்மாளை யார் கட்டுவார்கள் என்று பயந்தார்.

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்க அத்தே" என்றேன்.

"நோம்பு முடியற வரைக்குந்தானே? அப்பறம் திங்கட்டும். அம்மன் காரியம்."

ராசப்பன் தாயையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கரும்பு வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டான். மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளியாத்தாளின் தலையில் குடத்தைத் தூக்கி வைத்தார்கள். சனம் குலவையிட்டது. நோன்பு முடிந்து கம்பத்தைப் பிடுங்கினார்கள். அவள் அந்தக் குழியை விட்டு வரவில்லை.

மாத்திரையை மறுபடியும் கொடுத்தோம். ராசப்பன் அவள் உள்ளங்கையில் வைப்பான். யார் கை பட்டதோ என்று அதைத் தண்ணீரில் கழுவுவாள். கழுவக் கழுவ மாத்திரை கரைந்து விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்துவிடும். வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சேலத்துக்குப் போகலாம் என்றால், பஸ்ஸில் எல்லாரும் தொட்டிருப்பார்கள் என்று ஏறமாட்டாள். தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று நான் சண்டை பிடித்தேன். ஊர் பார்க்குமே என்றார் மாமியார். வருஷங்கள் அப்படிப் போயின. அவள் சேலை நாறத் தொடங்கியதும், கோயில் தண்ணீர்த் தொட்டியை அவள் காலி செய்யத் தொடங்கியதும், செருப்பைக் கழற்றினவர்களே பைத்தியம் என்று விரட்டினார்கள். முதல் குடம் வேறொருத்திக்குப் போனது.

ஆண்டி இன்னும் எருமையோடு பேசிக்கொண்டு அந்த வழியே போவான். அவளைக் கண்டால் மட்டும் பேச்சை நிறுத்திக் கும்பிடுவான்.

ஒரு ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டிக் காளியாத்தாள் செத்துப்போனாள். கந்தம்மாள் அப்போது பெரிய மனுஷியாகியிருந்தாள். என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுவாள். பெற்றவளை "அவங்க" என்பாள். பிணத்தைக் குளிப்பாட்டும்போது நான் சொம்பைக் கந்தம்மாள் கையில் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றினாள். பிறகு குனிந்து, அந்த வெடித்த விரல்களை ஒவ்வொன்றாக மஞ்சள் தேய்த்துக் கழுவிவிட்டாள். கழுவி முடித்தும் கையை விடவில்லை. பாடை தூக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் தலை முழுகினார்கள். "நீயும் கையக் கழுவீட்டு வா சாமி, ஒரு வாய் சாப்புடு" என்று கூப்பிட்டேன்.

"கழுவ மாட்டேன் போம்மா" என்றாள். அந்தக் கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை வாசலிலேயே இருந்தாள்.