கழற்றி வைத்த தண்டு

நெல்லியடியில் மீன்கடை வைத்திருக்கிறேன். மணற்காட்டுக் கடற்கரைக்கு என் பிக்கப்பை நானேதான் ஓட்டிப்போய் மீன் ஏற்றி வருவேன். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் என்பதற்காகவே அந்த வாகனத்தை வாங்கினேன்.

போன மாதம் மீன் பெட்டிகளோடு திரும்பும்போது பின் சில்லுகள் ஈர மணலில் புதைந்தன. ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். அதற்குரிய விளக்கும் எரிந்தது. ஆனால் முன் சில்லுகள் அசையவேயில்லை. பின் சில்லுகள் இன்னும் ஆழமாகத் தோண்டின. அலை வந்து கதவில் அடித்தது. "பொம்பிளை ஓடினா இப்பிடித்தான்" என்று கரையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

கடற்றொழிலாளர்கள் கயிறு கட்டி, உழவு இயந்திரத்தால் இழுத்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, முன் சில்லைச் சுத்துற தண்டே இல்லை!" என்றார்.

தண்டு இல்லாமல் எஞ்சினின் இழுவை முன் சில்லுக்கு எப்படிப் போகும்? முதல்நாள்தான் கராச்சில் சேர்விஸ் செய்து எடுத்திருந்தேன். நேரே அங்கே போனேன்.

"டீசல் மிச்சம் பிடிக்கத்தான் கழட்டினனான், தங்கச்சி. பொம்பிளைப்பிள்ளை நீங்கள் மணலுக்கை எங்கை போகப்போறியள்?" என்றார் கராச்காரர், கொஞ்சமும் கூசாமல்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் என் கடையில் மீன் வாங்குகிறவர் அவர். அந்த மீன் தார் ரோட்டில் முளைக்கிறது என்று நினைத்தாராக்கும்!

அங்கேயே நின்று தண்டைப் பூட்டுவித்தேன். இப்போது எந்தக் கராச்சுக்குப் போனாலும், சாக்கை விரித்து வாகனத்துக்குக் கீழே படுத்துப் பார்த்த பிறகுதான், வாகனத்தை ஸ்டார்ட் பண்ணத் திறப்பை வாங்குகிறேன்.

"என்ன தங்கச்சி, எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்கிறார்கள்.

"ஓம், இல்லை" என்கிறேன்.