மருந்துத் தாளோடு வந்த பதில்

போன வருடம் வாசோ என்னும் பர்மிய மாதத்தில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் தம்பி குமாரின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. துணியை வைத்து அழுத்தியும் நிற்கவில்லை. சற்று நேரத்தில் சிறுநீரும் சிவப்பாகப் போனது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய அவன் வீட்டிலிருந்து டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குக் காரணம் நான். சகோதரிகளே, பௌர்ணமிதோறும் போனில் கூடும் நம் வட்டத்தில் இதைத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக: நான் செல்வராணி, வயது ஐம்பத்திரண்டு. லத்தா பேட்டையில் ஒரு சீன மருந்துச் சரக்குக் கடையில் வேர், பட்டை, காய்ந்த பழம் எல்லாம் நிறுத்துப் பொட்டலம் கட்டுவது என் வேலை. நிலாவையும் இயற்கையையும் வணங்கும், ஆங்கிலத்தில் விட்ச்கிராஃப்ட் என்று சொல்லும் இந்தப் பாதைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் அலமாரியின் மேல்தட்டுதான் என் பீடம். ஒரு மெழுகுவர்த்தி, கிண்ணத்தில் நீர், உப்பு, கொஞ்சம் மண். நிலாத் தாயை அங்கேதான் கும்பிடுகிறேன். நிழல் புத்தகம் என்று நாம் சொல்லும் குறிப்பேட்டில் அறுபது கஷாய முறைகள் எழுதி வைத்திருந்தேன். வட்டத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் உடனே பதில் சொல்வேன்.

குமாருக்கு இரண்டு வருடம் முன்பு இருதய வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அந்த மழைக்காலத்தில் அவன் சோர்ந்து கிடந்தான். எங்கள் கடையில் டாங்குவாய் என்று ஒரு வேர் உண்டு. பிள்ளை பெற்றவர்களுக்குச் சீனர்கள் கோழியோடு சேர்த்து சூப் வைத்துக் கொடுப்பார்கள், உடம்பில் இரத்தம் ஊறும் என்பார்கள். நான் மெழுகுவர்த்தி ஏற்றி, நிலாத் தாயிடம் சொல்லிவிட்டு, எட்டு நாள் தொடர்ந்து சூப் வைத்துக் கொடுத்தேன். மாத்திரையைப் பற்றி நினைக்கவே இல்லை. இலையும் வேரும் யாரையும் கெடுக்காது என்று அப்போது நம்பினேன்.

வார்டில் டாக்டர் முதலில் கேட்டது மாத்திரையைப் பற்றித்தான். கூடுதலாக ஏதாவது விழுங்கினாரா, வேறு மருந்து உண்டா? குமாரின் மனைவி மேரி, "இல்லை, அதே ஒரு மாத்திரைதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. சூப்பை அவள் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். டாக்டரின் கேள்வி காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்றால், மேரிக்கு என் பாதை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். என் பீடத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த ஊரில் ஒரு பெண்ணைச் சோன்மா என்று சொல்லிவிட்டால் அது அவளோடு ஒட்டிக்கொள்ளும். சூனியக்காரி என்று பொருள். அக்கம்பக்கத்தில் யாரும் அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். என் வாயாலேயே அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளப் பயந்தேன். தம்பியின் உயிரைவிட அந்தப் பயம் அரை நாள் பெரிதாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு குழாய் இருந்தது. அங்கே போய் இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். பீடம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, மனப்பாடம் செய்த வரிகளும் நினைவுக்கு வரவில்லை. 'தாயே, அவனைக் காப்பாற்று' என்று பல தடவை சொன்னேன். மனதுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், 'என் வாயைத் திற' என்றேன். தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு மேலே ஏறினேன்.

மேரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தெர்மாஸைத் திறந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் நான் வைத்த சூப். காலையில் கிளம்பும் அவசரத்திலும் எடுத்து வந்திருக்கிறாள். "கொஞ்சம் குடிங்க, தெம்பு வரும்" என்று கரண்டியை நீட்டினாள். அந்த நேரம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கையில் மருந்துத் தாளோடு வந்தாள். ஆஸ்பத்திரி மருந்தாளர் மா தீரி. இருபத்தாறு வயதுதான் இருக்கும். பர்மிய மொழியில் கேட்டாள்: "வேர், இலை, சூப், எதுவானாலும் பரவாயில்லை. வீட்டில் வேறு என்ன கொடுத்தீங்க?"

எல்லா நோயாளிகளிடமும் கேட்கிற கேள்வி அது என்று பிறகு தெரிந்தது. எனக்கு அது தாயின் பதிலாகவே வந்தது. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

"குடுக்காத மேரி" என்றேன். கரண்டியைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் குடுத்தேன். டாங்குவாய் வேர். எட்டு நாளா."

மா தீரி தாளில் எழுதிக்கொண்டே, "எவ்வளவு, ஆன்ட்டி?" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை துண்டு என்று சொன்னேன். அவள் வேகமாக டாக்டரைத் தேடிப் போனாள்.

மேரி என்னைப் பார்த்தாள். "அந்தச் சூப்புலயாக்கா? மருந்து வேரையா போட்டுக் குடுத்த?" பிறகு, மெதுவாகத்தான், "சோன்மா" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பயந்தது அப்படியே நடந்தது. அதைக் கேட்டும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அந்த வேர் மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடக்கூடியது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு, பிளாஸ்மா ஏற்றினார்கள். மறுநாள் மாலை இரத்தப்போக்கு நின்றது. ஒன்பதாம் நாள் குமார் வீட்டுக்குப் போனான். மறுபடி அதே மாத்திரையைச் சரியான அளவில் ஆரம்பித்தார்கள். படி இறங்கும்போது அவன் சொன்னது: "அக்கா, சூப்பு ருசியாத்தான் இருந்துச்சு." மேரி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் யாருக்கும் எதையும் காய்ச்சிக் கொடுக்கவில்லை. மா தீரியைத் தேடிப்போய், "எனக்குச் சொல்லித் தருவியாம்மா?" என்று கேட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். தின்கன்ஜூன் பேட்டையில் அவள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் பஸ்ஸில் போனேன். இரத்தம் எப்படி உறைகிறது என்பதில் தொடங்கினோம். பர்மிய எழுத்தில் மருந்துப் பெயர்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அவள் வைத்த முதல் பரீட்சையில் இருபதுக்கு ஆறு கேள்விதான் சரி. அவளுக்கு என் நம்பிக்கை கிடையாது. அதைப் பற்றி அவள் கேட்டதும் இல்லை, கேலி செய்ததும் இல்லை.

நிழல் புத்தகத்தைச் சிவப்பு மையோடு ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். அறுபது முறைகளில் முப்பத்தொன்றை அடித்துவிட்டேன். மற்றவற்றில் யாருக்கு ஆகாது என்று பக்கத்திலேயே எழுதினேன். நம் விழாக்களையும் அப்போதுதான் யோசித்தேன். எங்கோ பனி விழும் நாட்டின் நாள்காட்டியை வைத்துக்கொண்டு, இங்கே மழை கொட்டும்போது கோடையின் உச்சத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். இப்போது மழை, குளிர், வெயில் என்று இந்த ஊரின் மூன்று பருவத்தைத்தான் கொண்டாடுகிறேன். தாயை இத்தனை பக்கத்தில் முன்பு உணர்ந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து மேரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு வருடத்தில் முதல் தடவை. கையில் ஏதோ இலைக்கட்டு. மார்க்கெட்டில் ஒருத்தி, குமாருக்கு இருக்கும் சர்க்கரைக்கு நல்லது என்று கொடுத்தாளாம்.

"அக்கா, இது அவருக்கு ஆகுமா?"

மோந்து பார்த்தேன். பழைய செல்வராணியாக இருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பாள். "தெரியல மேரி" என்றேன். "கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் குடுக்காத."

மேரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பீடம் அவள் கண்ணெதிரே இருந்தது. முகத்தைத் திருப்பவில்லை. தேநீர் கேட்டாள். என் கையால் வாங்கிக் குடித்தாள்.

தாய்க்கு நன்றி. தம்பி உயிரோடு இருக்கிறான். சகோதரிகளே, கஷ்டம் வந்தால் அவளிடம் கேளுங்கள். பீடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குழாய்த் தண்ணீர் போதும். உங்களுக்கும் அவள் பதில் கொடுப்பாள். யார் வாயிலிருந்து வந்தாலும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்களை மறுபடி முதல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால், பயப்படாமல் உட்காருங்கள்.